டாட்டா காட்டாதவர்

பஸ் கிளம்பியதும் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேர் கையும் மேலே போனது. ஒரு பெரியவர் கையிலிருந்த குடையையே தூக்கி ஆட்டினார். ஒருவர் மட்டும் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, யார் வீட்டுப் பெண்ணோ போகிறாள் என்பதுபோல நின்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனை பேர் ஏறினார்கள், எந்தப் பக்கம் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று மனசுக்குள் எண்ணி முடித்துவிட்டு, வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் அவர் நடையைக் கட்டினார்.

தெருக்காரர்கள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று முடிவுகட்டி வெகுநாளாகிறது. பெற்ற பெண் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். ஒரு டாட்டா காட்டினால் கை தேய்ந்தா போய்விடும்? மகளுக்கும் இதே கேள்விதான். அவளுக்குப் பதின்மூன்று வயதாகும்வரை அவர் பஸ் கண்டக்டர். காலையில் வண்டி வீட்டைத் தாண்டும்போது படியில் தொங்கிக்கொண்டே கையை ஆட்டுவார். வாசலில் பல் தேய்க்கிற பெண், வாயெல்லாம் நுரையோடு திருப்பி ஆட்டுவாள். பிறகு வேலை மாறியது. மாறிய ஏழாவது மாதம் கையும் நின்றுபோனது. ஏன் என்று கொஞ்ச காலம் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் கப்பலேறுகிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, மூன்று வருட ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை பெட்டி அடுக்கும்போது, சட்டையை மடித்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை ஒரு நாளாச்சும் டாட்டா காட்டுப்பா. மூணு வருஷத்துக்கு எனக்கு அது போதும்."

"பார்க்கலாம்மா" என்றார் அவர். அதற்கு முடியாது என்று அர்த்தம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

துறைமுகத்தில் அவருக்கு 'உக்காருண்ணன்' என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பதவிப் பெயர் இருக்கிறது, அதை யாரும் படித்ததில்லை. அங்கே ஒரு கடல் மீட்பு நிலையம் இருக்கிறது. நூறு பேர், இருநூறு பேர் என்று கூட்டமாகக் கடலில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்குவதற்கென்றே ஒரு கப்பல், அதில் தொங்கும் இரண்டு ரப்பர் படகுகள். முதல் ரப்பர் படகின் முனையில் நிற்பவர் இவர். இவருடைய வேலை பேசுவது. மூழ்குகிற படகிலிருப்பவர்கள் காதில் விழும் முதல் வார்த்தை இவருடையது. அது எப்போதும் ஒரே வார்த்தைதான்: "உக்காருங்க."

இதெல்லாம் ஒரு வேலையா என்று முதலில் தோன்றும். ஆனால் மூழ்கிக்கொண்டிருக்கும் படகுக்கு மிக ஆபத்தான நேரம் எது தெரியுமா? காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று தெரிகிற நேரம். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்கி வைத்தாற்போல இருந்தவர்கள், ஆரஞ்சு நிறப் படகைக் கண்டதும் எழுந்துவிடுவார்கள். எழுந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பாய்வார்கள். ஓட்டை விழுந்தும் மூன்று மணி நேரம் மிதந்த படகு மூன்று நொடியில் குப்புறக் கவிழ்ந்துவிடும். அதனால் மீட்புப் படகு எடுத்த எடுப்பில் பக்கவாட்டில் போகாது. பின்புறமாக, மெதுவாக, கல்லெறி தூரத்தில் போய் நிற்கும். முதலில் பேச்சு. பேச்சுக்குக் கூட்டம் அடங்கி உட்கார்ந்த பிறகு லைஃப் ஜாக்கெட். ஒருவர்கூட எழாமல் கைமாற்றிக் கைமாற்றி அது கடைசி ஆள் வரை போக வேண்டும். அப்புறம்தான் ஆளைத் தொடுவது. இரண்டு ரப்பர் படகுகளும் இரண்டு பக்கமும் நின்று, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இறக்கிக்கொள்ளும். படகு ஒரு பக்கமாகச் சாய வழியே இருக்காது.

இந்த வேலைக்கு அவர் விண்ணப்பம் போட்டு வந்தவரில்லை. ஒரு பெருமழை நாளில் அவருடைய பஸ், பாலத்தின் நடுவே இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சரிந்து நின்றது. உள்ளே இரண்டு பஸ் கூட்டம். எல்லோரும் இடது பக்கக் கதவை நோக்கிப் பாய, இவர் படியை மறித்துக்கொண்டு, டிக்கெட் கேட்கிற அதே குரலில் சொன்னார்: "கதவு எங்கயும் ஓடிப்போகாது. எல்லாரும் உக்காருங்க. டிரைவர் பக்கமா இறங்கப் போறோம், வரிசையா. உங்க வரிசை வரும்போது நானே சொல்றேன்." எண்பத்தேழு பேர் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய ஓர் அம்மாள் மழையில் நனைந்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர்தான் மீட்புக் கப்பலின் கேப்டன்.

"கடலுக்கு வர்றீங்களா?"

"எனக்கு நீச்சல் தெரியாதுங்கம்மா."

"அது பத்து நாள் வேலை. கத்துக்கலாம்" என்றார் கேப்டனம்மா.

நிலையத்தின் சாமான் கிடங்கு அவர் கையில் இருக்கிறது. ஐந்நூறு லைஃப் ஜாக்கெட்டுகள், இருபது இருபதாகப் பைகளில். திங்கட்கிழமை தோறும் ஒரு வாளி நிறைய ஐஸ் வரும். முழங்கைவரை அதற்குள் விட்டு, விரல் மரத்துப்போகும் மட்டும் வைத்திருப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜாக்கெட்டை மாட்டி, கொக்கியைப் பூட்டிப் பார்ப்பார். மரத்த விரலுக்கு மசியாத கொக்கி என்றால் அந்த ஜாக்கெட் ஓரம்தான். ஒரு தடவை புதிதாக வந்த இருநூறையும் அப்படியே திருப்பி அனுப்பினார். கொண்டுவந்த ஆள் சண்டைக்கு வந்தான். "வாளிக்குள்ள கையை விட்டுட்டு நீயே பூட்டிக் காட்டு தம்பி, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். அவன் கையை விட்டான், எடுத்தான், வண்டியைத் திருப்பினான்.

ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஒரு விசில். ஐந்நூறையும் அவரே ஊதிப் பார்ப்பார். அன்றைக்கு அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் கிடங்கு வாசலில் கூடிவிடும். சுவரோரம் சுருட்டி வைத்த மிதவைக் குழாய்கள் இருக்கின்றன. கயிற்றை இழுத்தால் காற்றடைத்துக்கொண்டு இரண்டு பஸ் நீளத்துக்கு நீளும். நீளத்தை இன்றும் அவர் பஸ்ஸால்தான் அளக்கிறார். தண்ணீரில் விழுந்தவர்கள் ஐம்பது பேர் அதன் வளையங்களைப் பிடித்துத் தொங்கலாம். கப்பலின் விலாவில் இறக்குகிற வலையேணியின் ஒவ்வொரு முடிச்சையும் தன் முழு எடையில் மிதித்துப் பார்ப்பார். அவர் கழுத்தில் ஒரு சிறு எண்ணிக்கைக் கருவி தொங்கும். கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஒன்று கூடும். கப்பலேறும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு 'டிக்'.

வீட்டிலும் இந்தப் புத்தி போவதில்லை. மனைவியைக் கேட்டால் கொட்டித் தீர்த்துவிடுவார். "விருந்தாளிங்க சோபாவுல ஒரே பக்கமா உக்காந்துட்டாங்கன்னா இவருக்கு சோறு இறங்காதுங்க. 'நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்களேன்'னு ஆரம்பிச்சிடுவார். எங்க அண்ணன் இப்பல்லாம் வந்தா நேரா சோபா நடுவுலதான் உக்கார்றார், எதுக்கு வம்புன்னு."

இவ்வளவு பேசுகிற மனிதர் ஒன்றை மட்டும் வீட்டில் பேசியதில்லை. அது வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம் நடந்தது. அவருடைய முதல் மீட்பு. ஐம்பத்திரண்டு பேரோடு ஒரு படகு. தூரத்திலேயே இவர்களைப் பார்த்துவிட்டு அவர்கள் கையை ஆட்டினார்கள். பெரியவர்கள், குழந்தைகள், எல்லோரும். உயிரோடு இருக்கிறார்களே என்ற சந்தோஷத்தில் இவருக்கும் கை தானாக மேலே போனது. பதினோரு வருடம் படியில் தொங்கிக்கொண்டு ஆட்டிய கை அது. நன்றாக வீசி ஆட்டினார்.

'வாங்க' என்று கூப்பிடுகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம் வந்தார்கள்.

நாற்பத்தைந்து பேரைத் தூக்கினார்கள். ஏழு பேரைத் தூக்க முடியவில்லை. விசாரணையில் அவர்மேல் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். யார் இருந்தாலும் கையை ஆட்டியிருப்பார்கள், இப்படி ஆகும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது என்றார் கேப்டனம்மா. அதற்குப் பிறகுதான் நிலையத்தில் அது விதியானது. ரப்பர் படகின் முனையில், உள்பக்கம், அவர் கண்ணுக்கு நேராக இரண்டு வார்த்தை சிவப்புச் சாயத்தில் இருக்கிறது: கை ஆட்டாதே. அவரே எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணல்.

அன்றிலிருந்து அந்தக் கையை அவர் நம்புவதில்லை. கரையில் ஆட்டிப் பழகினால் கடலிலும் தானாகக் கிளம்பிவிடும் என்று பயம். எல்லோருக்கும் நிறுத்தினார். மகளுக்கும் சேர்த்துத்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மணி அடித்தது. தீவுகளுக்கு இடையே ஓடும் பயணிகள் படகு ஒன்று இஞ்சின் நின்று, அடியில் தண்ணீர் ஏறி மிதந்துகொண்டிருந்தது. எழுபது பேருக்கான படகு. கம்பியில், கூரையில், முனையில் என்று ஈ நுழைய இடமில்லாமல் ஆள். நூற்றைம்பதுக்குக் குறையாது. அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் கையை ஆட்டினார்கள்.

ரப்பர் படகை ஓட்டுபவருக்கு 'நிதானம்' என்று பெயர். நாற்பது வயது ஆள், அவசரம் என்பதே தெரியாது. வழக்கம்போலப் பின்புறமாகப் போய்க் கல்லெறி தூரத்தில் நிறுத்தினார். உக்காருண்ணன் ஒலிபெருக்கியை எடுத்தார். "எல்லாரையும் கூட்டிட்டுத்தான் போவோம். ஒருத்தரையும் விட மாட்டோம். உக்காருங்க."

காற்று அங்கிருந்து இங்கே அடித்தது. சொன்னதெல்லாம் அவர் முகத்திலேயே திரும்பி விழுந்தது. மறுபடி கத்தினார். அங்கே நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் கூவிக்கொண்டிருந்தார்கள். யார் காதில் விழும்? காற்றுக்கு மேல்பக்கம் போகலாமென்றால் படகின் விலாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போனால் அத்தனை பேரும் அந்தப் பக்கம் சாய்வார்கள். ஏற்கெனவே படகு இடதுபுறம் ஒரு சாண் சாய்ந்திருந்தது. ஒரு தகப்பன் கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கி இவரை நோக்கி நீட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தான்.

உக்காருண்ணனின் வலது கை கிளம்பியது. 'இரு, இரு' என்று சொல்லக் கிளம்பியதுதான். ஆனால் அங்கிருந்து பார்ப்பவனுக்கு 'இரு' என்கிற கையும் 'வா' என்கிற கையும் ஒன்று. தோள்வரை வந்த கையை இன்னொரு கையால் பிடித்து இறக்கினார். ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார்.

அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அந்த முனையில் அவர் உட்கார்ந்ததில்லை. நிதானத்துக்கே நிதானம் போய்விட்டது. "என்னண்ணே, நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்லடா. இஞ்சினை நிறுத்து. நீயும் உக்காரு."

"நிறுத்தவா?"

"நிறுத்துங்கறேன்ல."

இஞ்சின் நின்றது. படகின் முனையில், எல்லோரும் பார்க்கும்படி, சம்மணம் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அலை தூக்கியது, இறக்கியது. வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மனிதருக்கு எவ்வளவு அவசரம் இருக்குமோ அவ்வளவுதான் அவர் முகத்தில் இருந்தது. உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு ஏழு பேர், தப்பாகிவிட்டால் இன்றைக்கு எழுபதோ எண்பதோ.

முதலில் கூச்சல் குறைந்தது. காப்பாற்ற வந்தவன் இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறானே என்று பார்த்தார்கள். பின்பக்கம், துணி மூட்டையை அணைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மூட்டையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் பின்னால் நின்றவர்களுக்கு இவர் தெரிந்தார், அவர்களும் உட்கார்ந்தார்கள். அது அப்படியே வரிசை வரிசையாக முன்னே போனது. கூரையில் இருந்தவர்கள் குந்தினார்கள். குழந்தையைத் தூக்கி நீட்டியவன் ஓரத்துக்கு இரண்டடி முன்னால் நின்றான், சுற்றிலும் பார்த்தான், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தான். படகு மூச்சு விட்டதுபோல நிமிர்ந்தது.

நடுக்கடலில், மூழ்குகிற படகில், நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கேப்டனம்மா இருபத்தாறு வருடம் கடலைப் பார்த்தவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் கழற்றினேன் என்று அவருக்கே தெரியவில்லையாம்.

மற்றதெல்லாம் வழக்கம்போல. ஜாக்கெட் கைமாறிப் போனது. குளிரில் விறைத்த விரல்கள் கொக்கியைப் பூட்டின. ஒரு கொக்கிகூட மக்கர் பண்ணவில்லை. இரண்டு பக்கமும் குழாய்களை நீட்டிப் போட்டார்கள். அவற்றைப் பிடித்துத் தொங்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் வரவில்லை. ஒரு நடைக்குப் பதினைந்து பேர், பதினோரு நடை, இரண்டு மணி பத்து நிமிடம். கடைசியில் உக்காருண்ணனே அந்தப் படகில் ஏறி, முழங்கால் தண்ணீரில் நடந்து, பலகைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். கூண்டுக்குள் இரண்டு வாத்துகள் இருந்தன. அதையும் தூக்கிக்கொண்டார். கருவியில் நூற்று அறுபத்து மூன்று. வாத்துகளுக்கு 'டிக்' போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் படகு சாயாமல், நிமிர்ந்தபடியே தண்ணீருக்குள் போனது.

மறுநாள், நனைந்த ஜாக்கெட்டுகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது நிதானம் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணே, திட்டக் கூடாது. நேத்து கரையேத்தினவங்களைக் கொண்டுபோய் விட்டப்ப ஆஸ்பத்திரியில உங்க பொண்ணைப் பார்த்தேன். மூட்டை மேல உக்காந்துச்சே அந்தம்மா, உங்க பொண்ணுகிட்டயே சொல்லுது: 'நாங்கல்லாம் கத்திக்கிட்டு நிக்கிறோம், அந்தாளு சிவனேன்னு உக்காந்துட்டார்மா'ன்னு. உங்க பொண்ணு சிரிச்சுக்கிட்டே, 'எங்கப்பா அப்படித்தான், எனக்கே டாட்டா காட்ட மாட்டார்'னுச்சு. எனக்கு மனசு தாங்கலண்ணே. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

உக்காருண்ணன் கையிலிருந்த ஜாக்கெட் வாளிக்குள் விழுந்தது. "எல்லாத்தையுமா? ஏன்டா சொன்ன? ஒம்பது வருஷமா நான் வாயைத் திறக்காம இருக்கேன், நீ யாருடா சொல்ல?"

"தப்புத்தாண்ணே."

வெகுநேரம் அலசினார். பிறகு, தண்ணீரைப் பார்த்தபடி, "என்ன சொன்னா?" என்றார்.

"'ஏழு பேரா'ன்னு மட்டும் கேட்டுச்சு."

அந்த ஒரு கேள்வி அவரை இரண்டு நாள் தின்றது. டாட்டா காட்டாத அப்பா என்பது பொறுக்கக்கூடியது. ஏழு பேரைக் கையாட்டிக் கவிழ்த்த அப்பா என்பதை அவள் எப்படிப் பொறுப்பாள்? மகள் பெட்டியைப் பூட்டினாள், அம்மாவோடு கடைக்குப் போனாள், அவருக்குச் சோறு போட்டாள். முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பல் துறையில் நின்றது. ஏறியவர்கள் எல்லோரும் கரைப்பக்கக் கம்பிக்கு முண்டியடித்து வந்தார்கள். பெரிய கப்பல், நானூறு பேர் ஒரே பக்கம் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கம்பியோரத் தலைகளை எண்ண ஆரம்பித்தார். சங்கு ஊதியது. கரையில் ஒரு காடு மாதிரி கைகள் எழும்பின. கப்பலிலும் எழும்பின. பக்கத்தில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே கையை ஆட்டினார். "இப்பவாச்சும் கையை வெளிய எடுங்களேன். புள்ளை பார்க்குதுல்ல" என்றார்.

கம்பியோரம் நின்ற மகள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை பாதிவரை எழுந்தது, அங்கேயே நின்றது, இறங்கியது. திரும்பிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். போய்விட்டாள் என்றே அவர் நினைத்தார்.

மேல்தளத்தின் சரியான நடுவில், லைஃப் ஜாக்கெட் வைக்கிற வெள்ளைப் பெட்டி ஒன்று ஆள் உயரத்துக்கு இருந்தது. அதன்மேல் அவள் ஏறினாள். ஆட்டுகிற கைகளுக்கெல்லாம் மேலே, எல்லோருக்கும் தெரியும்படி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள்.

அவர் பைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார். மனைவி ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு, அத்தனை கால்களுக்கும் நடுவே, ஈரத் தரையில் அவர் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.